பத்து பவுண்டுக்குள்ள ரெட் ஒயின்: எல்லாம் ஒரே ருசிதானா?

4 அக்டோபர் 2025, வந்த கேள்வி

"லண்டன் சூப்பர்மார்க்கெட்ல பத்து பவுண்டுக்குக் கீழ எந்த ரெட் ஒயின எடுத்தாலும் ஒரே டேஸ்ட்தான் அண்ணே. புளிப்பு, துவர்ப்பு, மறுநாள் தலவலி. லேபிள்ல மட்டும் ஸ்பெயின், இத்தாலி, சிலின்னு ஊர் மாறுது. செர்ரி, மிளகு, சாக்லேட்னு ஆளாளுக்கு எழுதறதெல்லாம் பீலாதானே?"

4 அக்டோபர், ராத்திரி

பாதி பீலா, பாதி நெசம் தம்பி. ருசிக்கு முன்னாடி காசுக் கணக்கப் பாத்துருவோம். நீ எடுக்கறது ஆறு பவுண்டு பாட்டில்னு வச்சுக்க. அதுல வாட் மட்டும் 1 பவுண்டு. அப்புறம் மது வரி, 2025 பிப்ரவரிலேர்ந்து எல்லா ரெட்டுக்கும் ஆல்கஹால் அளவப் பாத்துதான் போடறாங்க, 13% இருந்தா 2025 கணக்குக்கு 2.88 பவுண்டு. மிச்சம் 2.12. அதுலதான் பாட்டில், மூடி, லேபிள், கப்பல், லாரி, கடைக்காரர் லாபம் எல்லாம். இதெல்லாம் போக உள்ள இருக்கற சாறுக்கு என்ன நிக்கும், சில்லறைதான். இப்ப பத்து பவுண்டு பாட்டில எடு. வாட் 1.67, மது வரி அதே 2.88, மிச்சம் 5.45. நீ கூடக் குடுத்தது நாலு பவுண்டு, ஆனா வரி போக நிக்கற காசு ரெண்டரை மடங்கு ஆயிருச்சு.

ஆறு பவுண்டுல எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னா ஆச்சரியமே இல்ல. அந்த விலைல வர்றது நெறைய கன்டெய்னருக்குள்ள 24,000 லிட்டர் பிளாஸ்டிக் பைல மொத்தமா கப்பல்ல வந்து இங்க பிரிஸ்டல் பக்கம் ஏவன்மவுத் மாதிரி எடத்துல பாட்டில்ல அடைக்கறது. அப்படி வர்றது மோசம்னு சொல்லல, ஆனா யாருக்கும் புடிக்காமப் போயிரக் கூடாதுன்னு கலந்து வழவழன்னு ஆக்கின சரக்கு, அதுல ஊரைத் தேடினா எங்க கெடைக்கும். எட்டுலேர்ந்து பதினொண்ணு பவுண்டுக்குள்ள பாரு, அங்கதான் ஊர் தெரிய ஆரம்பிக்கும். அதுலயும் பேர் போன ஊரை விட்டுட்டு அதுக்குப் பக்கத்து ஊரை எடு. இவ்ளோதான் என் சித்தாந்தம்.

5 அக்டோபர்

ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரு வாரம் ஒரு பாட்டில், அடுத்த வாரம் இன்னொண்ணுன்னு குடிச்சா நாக்கு எதையும் ஞாபகம் வச்சுக்காது. ஒரே விலைல ரெண்டு ஊர் பாட்டில், ரெண்டு கிளாஸ், பக்கத்துல பக்கத்துல வச்சு மாத்தி மாத்தி. கிளாஸ்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தக் கூடாது, மேல காலி எடம் இருந்தாத்தான் வாசனை நிக்கும். நம்மாளுங்க விருந்தாளி வந்தா கிளாஸ் நெறைய ஊத்தறதுதான் மரியாதைன்னு நெனச்சு விளிம்பு வரைக்கும் ஊத்திடறோம், அப்புறம் சுத்தவும் முடியாது மோந்து பாக்கவும் முடியாது.

முதல் ஜோடி: பிரான்ஸ்ல போஜொலே ஊர் பாட்டில் ஒண்ணு, அர்ஜென்டினா மெண்டோசா ஊர்ல மால்பெக் திராட்சைல போட்டது ஒண்ணு. முதலாவது கமே திராட்சை, வெளிச்சத்துல காட்டினா அந்தப் பக்கம் விரல் தெரியும், துவர்ப்பு ரொம்பக் கம்மி. ரெண்டாவது கடல் மட்டத்துலேர்ந்து நல்ல உசரத்துல சுள்ளுனு வெயில்ல வெளைஞ்சது, மை மாதிரி இருக்கும், வாயில கெட்டியா நிக்கும். இது ரெண்டும் ஒரே ருசின்னு சொன்னா உனக்கு ஜலதோஷம்னு அர்த்தம்.

11 அக்டோபர்

மிளகு வாசனை பத்திக் கேட்டிருந்தீங்க. நேத்து வீட்ல மட்டன் சுக்கா, கூட ஒன்பது பவுண்டு கோட் டு ரோன், பிரான்ஸ் ரெட், பெரும்பாலும் சிரா திராட்சையும் கலந்திருக்கும். வீட்டம்மா கிளாஸ மூக்குகிட்ட கொண்டு போன ஒடனே "மிளகு, இப்பத்தான் இடிச்ச மிளகு"ன்னாங்க. எனக்கு ஒண்ணுமே வரல. சுத்திப் பாத்தேன், ஆற வச்சுப் பாத்தேன், சுக்கா வாசனைல கொழம்புதோன்னு பால்கனில போய் நின்னு மோந்து பாத்தேன். ப்ளம் மாதிரி ஏதோ இருக்கு, மிளகு சுத்தமா இல்ல. சுக்காவுல போட்டதத்தான் நீ மோந்திருக்கன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டதுதான் மிச்சம்.

12 அக்டோபர்

மிளகு பீலா இல்ல, தேடிப் படிச்சேன். ரோட்டண்டோன்னு ஒரு பொருள் இருக்கு. ஆஸ்திரேலியாவுல ஒயின் ஆராய்ச்சி பண்றவங்க 2008ல எழுதினது, சிரா திராட்சைல வர்ற மிளகு வாசனைக்கு அதுதான் காரணம். நம்ம வீட்டு மிளகுலயும் வாசனை குடுக்கறது அதேதான், ஜாடை இல்ல, அசல் அதே மூலக்கூறு. இதுல கூத்து என்னன்னா அவங்க சோதிச்ச ஆளுங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு, அவங்க போட்டுப் பாத்த அதிகபட்ச அளவுல கூட அது தெரியவே இல்ல. நான் அந்த அஞ்சுல ஒண்ணு போல.

அப்ப நான் சுக்கால மிளகுன்னு நெனச்சு சாப்பிடறது வெறும் காரமா, இல்ல மிளகுல இருக்கற மத்த வாசனையான்னு இப்பப் புதுசா ஒரு கவலை.

தம்பிக்கு இதுல ஒரு சேதி இருக்கு. ஒருத்தர் மிளகுன்னு எழுதி உனக்கு வரலைன்னா அவரு புளுகறாருன்னும் இல்ல, உனக்கு ருசி தெரியலைன்னும் இல்ல, மூக்கு வேற. புளிப்பு எவ்ளோ, துவர்ப்பு எவ்ளோ, லேசா கனமா, முழுங்கினப்புறம் எவ்ளோ நேரம் நிக்குது, இந்த நாலும் ஏறக்குறைய எல்லாருக்கும் பிடிபடும். பழம் பூ லிஸ்ட்டு அப்புறம்.

இன்னொண்ணு, குளிர்ந்த எடத்துல வெளையற சிராவுலதான் ரோட்டண்டோன் தூக்கலா இருக்கும். வெயில் ஊர் ஷிராஸ்ல பழ ஜாம் வாசனை மேல வந்துரும். திராட்சை அதேதான்.

18 அக்டோபர்

ஸ்பெயின் ஒயின் பத்திக் கேட்டவருக்கு. அங்க ரியோஹாங்கற ஊர் பாட்டில்ல க்ரியான்சா, ரிசர்வா, கிரான் ரிசர்வான்னு போட்டிருக்கறது தரத்துக்கு மார்க் இல்ல, எவ்ளோ நாள் வச்சிருந்தாங்கங்கற கணக்கு. க்ரியான்சான்னா குறைஞ்சது 2 வருஷம், அதுல 1 வருஷம் ஓக் பீப்பால. ரிசர்வா 3 வருஷம், கிரான் ரிசர்வா 5. அந்த ஊர்ல ரொம்ப காலமா அமெரிக்க ஓக்தான் புழக்கம், வெனிலா, தேங்காய் வாசனை வருதுன்னா அது திராட்சைலேர்ந்து இல்ல, மரத்துலேர்ந்து. நம்ம நாக்குக்கு அது சட்டுனு புடிச்சுப் போகும், என்னைக்குத்தான் தேங்காய வேணாம்னு சொல்லியிருக்கோம்.

ஆனா ஏழு பவுண்டுக்கு கிரான் ரிசர்வான்னு தங்க வலை சுத்தி ஒரு பாட்டில் நின்னா யோசிங்க. அஞ்சு வருஷம் வச்சிருந்த செலவு, வரி, கப்பல் எல்லாம் போக திராட்சைக்கு என்ன குடுத்திருப்பாங்க? அதே காசுக்கு ரெண்டு பவுண்டு சேத்து அரகோன் பக்கம் கலதாயுத், இல்ல காம்போ தே போர்ஹா எடுங்க. கர்னாச்சா திராட்சை, பழைய கொடிங்க, உசரமான எடம், பேர் வாயில நுழையாததால விலை ஏறல. தெக்க ஹுமில்லா பக்கம் மொனாஸ்த்ரெல் இன்னும் முரடு, பிரான்ஸ்ல அதே திராட்சைக்கு மூர்வெத்ருன்னு பேர்.

25 அக்டோபர்

"மோன்டெபுல்சியானோ ஒண்ணு எட்டு பவுண்டு, இன்னொண்ணு இருபது பவுண்டு, ஏமாத்தறாங்களா?" இல்ல அண்ணாச்சி, அது வேற இது வேற. மோன்டெபுல்சியானோ த'அப்ரூட்சோல அது திராட்சையோட பேர், ஊர் அப்ரூட்சோ. வினோ நோபிலே தி மோன்டெபுல்சியானோல அது டஸ்கனில இருக்கற ஊர் பேர், திராட்சை சான்ஜொவேசே. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. எட்டு பவுண்டு பாட்டிலையே வாங்குங்க. கலர் கெட்டி, துவர்ப்பு உறுத்தாது, கொத்துக்கறிக்கு அம்சமா போகும்.

26 அக்டோபர்

ஹீட்டர் போட ஆரம்பிச்சாச்சு, அதனால சூடு பத்தி. ரெட் ஒயின ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொன்னவங்க ரூம் அந்தக் காலத்து ஐரோப்பியக் கல்லு வீடு, 16, 17 டிகிரி இருந்திருக்கும். நம்ம ஹால் 22, அடுப்படி 25. சென்னை வீட்டுல மே மாசம் பேசவே வேணாம். அந்தச் சூட்டுல ஆல்கஹால் மூக்குல குத்தும், பழ வாசனை கொழகொழன்னு ஆயிரும். மலிவு ரெட்ட காப்பாத்த ஒரே செலவில்லாத வழி, குடிக்கறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி ஃபிரிட்ஜ்ல போட்டு எடுக்கறதுதான். போஜொலே மாதிரி லேசானதுக்கு அர மணி நேரத்துக்கு மேலயே ஆகலாம்.

ஆனா துவர்ப்பு ஜாஸ்தி இருக்கற கபெர்னே திராட்சை மாதிரி பாட்டில ரொம்ப சில்லுனு ஆக்கிடாதீங்க, குளிர்ல துவர்ப்பு இன்னும் எடுப்பாத் தெரியும், ஈறெல்லாம் வறண்டு போகும்.

2 நவம்பர்

சிலி கார்மெனேர். எனக்கு ரொம்பப் புடிச்ச கதை இது, கொஞ்சம் நீளும்.

போர்டோ ஊர்த் திராட்சை இது. 19ஆம் நூற்றாண்டு பாதிக்கு மேல ஃபிலாக்ஸரான்னு ஒரு பூச்சி வேரைத் தின்னு பிரான்ஸ் தோட்டங்கள நாசம் பண்ணுச்சு. திரும்ப நட்டப்ப கார்மெனேர யாரும் பெருசா சீண்டல, லேட்டா பழுக்கும், பூக்கற நேரத்துல குளிர்ந்தா காய் பிடிக்காது. அதோட கதை முடிஞ்சுதுன்னு நெனச்சாங்க. ஆனா பூச்சி வர்றதுக்கு முந்தியே சிலிக்குப் போன குச்சிங்கள்ல இது கலந்து போயிருக்கு, அங்க அதை மெர்லோங்கற வேற திராட்சைன்னு நெனச்சே வளத்திருக்காங்க, நூறு வருஷத்துக்கு மேல. 1994ல ழான் மிஷெல் பூர்சிகோன்னு ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் சிலித் தோட்டம் ஒண்ணுல நின்னு இது மெர்லோ இல்ல, கார்மெனேர்னு சொல்லிட்டாரு. அதுவரைக்கும் சிலி மெர்லோ ஏன் இப்படி பச்ச வாடை அடிக்குதுன்னு குழம்பிட்டு இருந்தவங்களுக்கு அப்பத்தான் வெளங்குச்சு. மெர்லோ பழுத்ததும் ரெண்டையும் சேத்துப் பறிச்சா இது இன்னும் காயாத்தான் இருக்கும், வாரக்கணக்குல காத்திருக்கணும்.

அந்தப் பச்ச வாடை பைரசீன்ங்கற பொருளால வருது, குடைமிளகாயில இருக்கறதும் அதே வகைதான். இது எனக்கு நல்லா வருது, மிளகுல விட்டத இங்க பிடிச்சிட்டேன். வீட்டம்மாவுக்குப் புடிக்கல, பொரியலுக்கு நறுக்கி வச்ச மாதிரி இருக்குங்கறாங்க. நான் குறையா பாக்கல. ஒன்பது பவுண்டு கார்மெனேரோட சுட்ட கத்திரிக்கா தொக்கு வச்சுப் பாருங்க, அந்தப் பச்ச வாடையும் சுட்ட தோல் வாடையும் ஒண்ணுக்கொண்ணு கை கோத்துக்கும்.

8 நவம்பர்

நம்ம சாப்பாடுன்னு வந்துட்டா. காரமும் ஆல்கஹாலும் சேந்தா எரிச்சல் ஏறும், 14.5% ஷிராஸ ஆந்திரா காரத்தோட குடிச்சா ஒயினும் தெரியாது கோழியும் தெரியாது, அதுக்கு மேல துவர்ப்பு கசப்பா மாறும். 12, 12.5% பாருங்க, துவர்ப்பு கம்மி, பழம் தூக்கலா, கொஞ்சம் குளிர வச்சு. இத்தாலி வல்பொலிசெல்லா, போஜொலே, ஓக் படாத இளசு கர்னாச்சா.

புளி தனி விவகாரம். சாப்பாடு புளிச்சா ஒயின்ல இருக்கற புளிப்பு அமுங்கிப் போய் சப்புன்னு ஆயிரும், அதனால ஒயினும் நல்லா புளிக்கணும். வட இத்தாலி பியெமோன்தே பக்கத்து பார்பெரா, நல்ல புளிப்பு, துவர்ப்பு சொற்பம், வத்தக்குழம்புக்கு நான் அதத்தான் எடுக்கறேன். மீன் குழம்பு வேணாம். ரெட்ல இருக்கற இரும்புச்சத்து மீனோட சேந்து கவுச்சியக் கெளப்பும்னு 2009ல ஜப்பான்காரங்க சோதிச்சே காட்டியிருக்காங்க.

அப்புறம் ஆட்டுக்கறி. துவர்ப்பு ஒயினுக்கு உப்பும் கொழுப்பும் புரதமும்தான் மருந்து. தனியா குடிக்கறப்ப முகம் சுளிக்க வச்ச பாட்டில் நல்லிக்கறியோட வேற ஆளா ஆயிரும்.

9 நவம்பர்

தலவலி. எல்லாரும் ஒயின் கெடாம இருக்கப் போடற சல்ஃபைட்டத் திட்டறாங்க. லிட்டருக்கு 10 மில்லிகிராம் தாண்டினாலே லேபிள்ல போடணும், அதனால ஏறக்குறைய எல்லா பாட்டில்லயும் அந்த வாசகம் இருக்கும். ஆனா ஐரோப்பிய விதிப்படி ஒயிட்டுக்கு விட்டிருக்கற அளவு ரெட்ட விட ஜாஸ்தி. சல்ஃபைட்தான் காரணம்னா ஒயிட்ல இன்னும் வலிக்கணுமே. ஆஸ்துமா இருக்கறவங்க மட்டும் அத கவனிக்கணும், நெசமாவே ஒத்துக்காதவங்க உண்டு.

2023ல கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்துல வேற ஒரு யோசனை சொன்னாங்க. திராட்சைத் தோல்ல இருக்கற குவர்செட்டின், உடம்புக்குள்ள போய் ஆல்கஹால ஒடைக்கற வேலைய நடுவுல மறிக்குது, அதனால ஆல்கஹால் பாதி ஒடையறப்ப வர்ற அசிட்டால்டிஹைடுங்கற பொருள் தேங்குதுன்னு. இன்னும் முடிவான முடிவு இல்ல. என் வைத்தியம் வேற: தம்பி, பாட்டில்ல பாதிய மூடி வை.

15 நவம்பர்

பேர் போன ஊர வாங்காதன்னு மொதல்ல சொன்னேன்ல, அதுல ஒரு சின்ன விலக்கு இப்ப தோணுது. போர்டோ. உச்சில இருக்கற சில ஷத்தோ, அதாவது மாளிகையோட இருக்கற ஒயின் தோட்டம், அதுங்க விலைதான் பேப்பர்ல வரும், கீழ இருக்கறவங்க நெலம தலைகீழ். விக்க முடியாம 2023ல அரசாங்கமே ஹெக்டேருக்கு 6,000 யூரோ குடுத்து கொடியப் பிடுங்கச் சொல்லுச்சு. அதனால பத்து பவுண்டு பக்கத்துல சின்னக் குடும்பத் தோட்ட மெர்லோ கலப்பு இப்ப நெசமாவே நல்லா கெடைக்குது. படம் போட்ட ஷத்தோவப் பாத்து எடுக்காதீங்க, அந்தக் கட்டடத்துல ருசி இல்ல. பாட்டில் கனமும் அப்படித்தான், தூக்கினா கை வலிக்குதுன்னா கண்ணாடிக்குக் காசு குடுத்திருக்கீங்க.

20 நவம்பர்

இன்னைக்கு நவம்பர் மூணாவது வியாழன், போஜொலே நூவோ வந்தாச்சு. இந்த வருஷமே பறிச்ச திராட்சை. கொத்தோட அப்படியே தொட்டில போட்டு கார்பன் டை ஆக்சைடுல மூடி வைக்கறாங்க, பழம் உள்ளுக்குள்ளயே நொதிக்க ஆரம்பிச்சுரும், அதனாலதான் வாழைப்பழ வாசனை. வாங்கினேன், குளிர வச்சுக் குடிச்சேன், ஜாலியா இருக்கு, இதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்ல. இந்தக் கமே திராட்சையத்தான் 1395ல பர்கண்டி பிரபு பிலிப் விசுவாசமில்லாத செடின்னு திட்டி தன் மண்ணுலேர்ந்து வெட்டி எறியச் சொன்னாரு. காசு இருந்தா நூவோவ விட்டுட்டு போஜொலேக்குள்ளயே இருக்கற மோர்கோன் ஊர் ஒயின் எடுங்க, அதே திராட்சை, வேற கம்பீரம்.

29 நவம்பர்

"கம்பம் பன்னீர் திராட்சைல ரெட் ஒயின் ஏன் போடல?" நல்ல கேள்வி, இழை எங்கயோ போகுது, போகட்டும். பன்னீர் திராட்சைன்னா மஸ்கட் ஹாம்பர்க், 2023ல புவிசார் குறியீடு கூட வாங்குச்சு. உலகத்துல பெரும்பாலும் தின்னற பழமாத்தான் வளக்கறாங்க. ஒயினா போட்டா கலர் ரொம்ப நிக்காது, வாசனை மட்டும் ஆளத் தூக்கும், அதனால இனிப்பு ஒயினுக்குத்தான் சரிப்படும். நம்ம பக்கம் கிறிஸ்துமஸுக்கு வீட்ல சக்கரையும் பட்டையும் போட்டு ஊற வைக்கறதும் அந்த ருசிதானே.

மேட்டர் அது இல்ல. மஸ்கட் ஹாம்பர்க்கப் பெத்தது ரெண்டு திராட்சை, ஒண்ணு அலெக்சாண்ட்ரியா மஸ்கட், இன்னொண்ணு ஸ்கியாவா கிரோசா. இந்த ரெண்டாவதுக்கு ஜெர்மனில டிரோலிங்கர்னு பேர், ஸ்டுட்கார்ட் சுத்து வட்டாரத்துல தெனமும் குடிக்கற சாதா ரெட் அதுதான். மச்சான் ஸ்டுட்கார்ட்லதான் இருக்கான், கம்பத்துக்காரன், ஊர்ல கொடிக்குத் தண்ணி பாச்சினவன். இத்தன வருஷமா அத தண்ணி மாதிரி இருக்குன்னு கிண்டல் பண்ணிட்டிருந்தான், சொந்தம்னு சொன்ன ஒடனே "அப்ப இனிமே மரியாதையா குடிக்கறேன் மாப்ள"ங்கறான். அவனுக்கு என்ன, ஜெர்மனில சாதா ஒயினுக்கு மது வரியே கெடையாது, நாலு யூரோ அஞ்சு யூரோவுக்கு அவன் வாங்கறதப் பாத்தா வயிறு எரியுது.

6 டிசம்பர்

போர்ச்சுகல் விட்டுட்டேன்னு ரெண்டு பேர் கோச்சுக்கிட்டாங்க. சரிதான், காசுக்கு ஏத்த ருசின்னு பாத்தா ஒருவேளை இதுதான் முதல்ல வந்திருக்கணும். அலென்தேஜோ சூடான ஊர், மெத்துனு இருக்கும், ஆரம்பிக்கறவங்களுக்கு அது. எனக்குப் புடிச்சது தாவோங்கற ஊர். கருங்கல் மண்ணு, தொரீகா நசியனால், அல்ஃப்ரொஷேரோன்னு வெளிய யாரும் கேள்விப்படாத திராட்சைங்க, புளிப்பும் துவர்ப்பும் அளவா. போன வாரம் ஒரு தாவோ பாட்டில், தொறந்தன்னைக்கு வாசனையே வராம ஊமையா இருந்துச்சு, மறுநாள் மிச்சத்தக் குடிச்சா அப்படி ஒரு வாசனை. இளசான ரெட்டுக்கு இது அடிக்கடி நடக்கும், தொறந்த ஒடனே தீர்ப்பு எழுதாதீங்க. தக்கையத் திருப்பி அடைச்சு ஃபிரிட்ஜ்ல வச்சா மூணு நாள் தாங்கும்.

7 டிசம்பர்

தொறந்ததும் தீக்குச்சி வாடை, அழுகின முட்டை வாடை வருதுன்னு கேட்டவருக்கு: அது காத்து படாம அடைஞ்சு கெடந்த கந்தக வாடை, பாதி நேரம் ஒரு ஜக்குல வேகமா ஊத்தினாலே போயிரும். போகலன்னா கிளாஸ்ல ஒரு செப்புக் காசு போட்டு சுத்துங்க, செம்பு அந்தக் கந்தகத்தப் பிடிச்சுக்கும். நனைஞ்ச அட்டைப் பெட்டி வாடைன்னா அது தக்கைக் கோளாறு, அதுக்கு மருந்தே இல்ல, ரசீதோட கடைல திருப்பிக் குடுங்க. காசு எது வேணா போடக் கூடாது, 1992லேர்ந்து இங்க வர்ற ஒரு பென்னி, ரெண்டு பென்னி ஏறக்குறைய எல்லாமே உள்ள இரும்பு, மேல செம்புப் பூச்சு. காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டாத பழசு ஒண்ணு கெடைச்சா எடுத்து வச்சுக்கங்க. கழுவிட்டுப் போடணும்னு தனியா சொல்லணுமா என்ன.